சிறு செலவில் ஒரு மலை ரயில் பிறந்த நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பிறந்த நாளை 'தீம் பார்ட்டி'யாகக் கொண்டாடும் வழக்கம் இன்று பெருநகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. அதனால் குடும்பங்களுக்கு ஏற்படும் செலவைப் பற்றிப் பலரும் வருத்தத்தோடு பேசுகிறார்கள். ஆனால் அந்தச் செலவு எங்கே கூடுகிறது, அதைக் குறைத்த பின்னும் குழந்தையின் மகிழ்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதை நிதானமாக எழுதுவோர் குறைவு. அண்மையில் என் மகனின் ஏழாம் பிறந்த நாளை நீலகிரி மலை ரயிலைக் கருப்பொருளாக வைத்து, மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவான செலவில் நடத்திய தாய் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், பணம் எதற்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அலங்காரம் செய்து தருவோரிடம் விசாரித்தால், பலூன் வளைவு, குழந்தையின் பெயரும் படமும் அச்சிட்ட பின்னணித் திரை, மின்விளக்கு எழுத்துகள், கார்ட்டூன் பாத்திரங்களின் ஆளுயரப் படங்கள் ஆகியவற்றுக்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். அதே பாத்திரத்தின் உருவம் வைத்த கேக், மண்டப வாடகை, புகைப்படக்காரர், வந்தவர்கள் அனைவருக்கும் இரவுச் சாப்பாடு என்று கணக்கு வளர்ந்துகொண்டே போகிறது. முதல் பிறந்த நாளுக்காக நகையை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். இத்தனைக்குப் பிறகும் அந்த மாலை முழுவதும் குழந்தை செய்யும் வேலை, திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். தேர்ந்தெடுத்த கருப்பொருள் சுவரில் தொங்கும் படமாகவே நின்றுவிடுகிறது. குழந்தைகள் அதைத் தொடுவதற்கோ, அதற்குள் புகுந்து விளையாடுவதற்கோ அங்கு இடமில்லை. கருப்பொருளை விளையாட்டாக அமைத்துவிட்டால், விலை கொடுத்து வாங்க வேண்டிய அலங்காரத்தின் பெரும்பகுதி தானாகவே தேவையற்றதாகிவிடுகிறது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இரண்டே தகுதிகளைப் பார்த்தேன். அது குழந்தை நேரில் கண்ட ஒன்றாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் செல்லும் மலை ரயில் இரண்டு தகுதிகளுக்கும் பொருந்தியது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டு, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பாதையில் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் இருக்கின்றன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் அளவுக்கு ஏற்றம் கடுமையாக இருப்பதால், சக்கரங்கள் வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். இயந்திரத்தின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. நீராவி இயந்திரம் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. பெட்டிகளில் பிரேக் பிடிப்பதற்கென்றே ஊழியர்கள் கொடியோடு நின்று, ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொள்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தைகளை இரண்டு மணி நேரம் ஈடுபடுத்தி வைக்க இவ்வளவு போதும். கார்ட்டூன் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூடக் கிடைத்திருக்காது.

அழைப்பிதழ் எதுவும் அச்சிடவில்லை. ரயில் நிலையங்களில் முன்பு கொடுத்து வந்த சிறிய கெட்டி அட்டைப் பயணச்சீட்டை நினைவில் கொண்டு, புதுச் சட்டைகளோடு வரும் அட்டைகளை அந்த அளவில் வெட்டினோம். ஒரு பக்கத்தில் 'மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை' என்றும், மறுபக்கத்தில் நாள், நேரம், இருக்கை எண் ஆகியவற்றையும் என் மகனே தன் கையெழுத்தில் எழுதினான். தன் விழாவுக்குத் தானே உழைத்த பெருமை அவனுக்குக் கிடைத்தது. அழைக்கப்பட்ட குழந்தைகளும் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார்கள். வாசலில் அவனுடைய அத்தை மகள் டி.டி.ஆர். ஆக நின்று, காகிதத்தில் துளையிடும் கருவியால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு துளை போட்டு உள்ளே அனுப்பினாள்.

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் தரைத்தளம்தான் விழா நடந்த இடம். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பெரிய அட்டைப் பெட்டிகளின் அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, மலை ரயில் பெட்டிகளைப் போலவே நீலத் தாளும் வெளிர்மஞ்சள் தாளும் ஒட்டி, தோளில் மாட்டிக்கொள்ளச் சணல் கயிறு கட்டினோம். ஆளுக்கொரு பெட்டியை மாட்டிக்கொண்டு குழந்தைகள் வரிசையாக நின்றதும் ரயில் ஆயத்தமாகிவிட்டது. இயந்திரமாக இருப்பவர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்று சொன்னபோது, முதலில் நிற்க முண்டியடித்த குழந்தைகள் அனைவரும் திகைத்துப் போய், அதற்கான காரணத்தைக் கேட்டார்கள். பின்னால் நின்று தள்ளும் வேலைக்கு அதன் பிறகு ஏற்பட்ட போட்டியைச் சமாளிக்க, நிலையத்துக்கு ஓர் இயந்திரம் என்று முறை வைக்க வேண்டியதாயிற்று. தென்னை ஈர்க்கில் ஒட்டிய சிவப்பு, பச்சைக் காகிதக் கொடிகளோடு இரண்டு பேர் பிரேக் ஊழியர்களாக நின்றார்கள். பச்சை காட்டினால் புறப்பட வேண்டும். சிவப்பு காட்டினால் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்கத் தவறிய பெட்டி வரிசையின் முன்பக்கத்துக்குப் போக வேண்டும்.

சுரங்கங்களுக்குச் செலவே இல்லை. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அடர்நிறப் பழைய போர்வைகளைத் தரை வரை தொங்கவிட்டோம். பெட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் தவழ்ந்து போக வேண்டும். மலை ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தவுடன் பயணிகள் உற்சாகமாகக் கூச்சலிடுவது அனைவரும் அறிந்த வழக்கம் என்பதால், கூச்சலிடும் உரிமையையும் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். மலைகளாக இருந்தவை பழைய பச்சைச் சேலைகள்.

குழந்தைகள் அதிக நேரம் நின்ற இடம் எதுவென்றால், மலை ரயிலின் பற்கள் வெட்டிய பாதைக்காக ஒதுக்கிய மூலைதான். தடித்த அட்டைப் பெட்டியின் மேல்தாளை இலேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியான ஓர் அடுக்கு தெரியும். அந்த நெளிவுகள் வெளியே தெரியும்படி ஒரு பட்டையை வெட்டிச் சாய்வான பலகையில் ஒட்டினோம்; அதே அட்டையில் இன்னொரு பட்டையை டப்பா மூடி ஒன்றைச் சுற்றி ஒட்டிப் பற்சக்கரமாக்கினோம். பக்கத்துப் பலகையில் வழவழப்பான தாளும், அதன் மேல் ஏற்றிப் பார்க்க வெறும் மூடியும் இருந்தன. பல் உள்ள சக்கரம் பலகையில் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுவதையும், வெறும் மூடி சறுக்கி விழுவதையும் குழந்தைகள் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் பின்னாளில் உராய்வைப் பற்றிப் படிக்கும்போது இந்த மூலை அவர்களுக்கு நினைவுக்கு வரும் என்று நம்புகிறேன். இதற்கு ஆன செலவு ஒரு பசைப் புட்டி.

சிற்றுண்டியையும் நிலையங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தோம். மஞ்சள் சார்ட் தாளில் கறுப்பு எழுத்துகளால் ஊர்ப் பெயர்களை எழுதி, நிலையப் பலகைகளைப் போல ஒட்டினோம். உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பெயர்பெற்ற மேட்டுப்பாளையத்தில் வேகவைத்து மிளகுத்தூள் தூவிய சின்ன உருளைக்கிழங்கு. அரசுப் பழப்பண்ணை அமைந்துள்ள கல்லாற்றில் கொய்யாத் துண்டுகள். நீராவி இயந்திரம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் ஹில்குரோவில் எவர்சில்வர் டம்ளரில் எலுமிச்சைச் சாறு. அங்கே குரங்குகள் அதிகம் என்பதால், குரங்கு முகமூடி அணிந்த ஒரு குழந்தை மற்றவர்களின் வாழைப்பழத்தைப் பறிக்க வர, மற்றவர்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். குன்னூரில் வர்க்கியும் பாலும், காய்கறித் தோட்டங்கள் நிறைந்த கேத்தியில் கேரட்டும் கொடுத்தோம். வழக்கமாகத் தட்டு நிறைய வைத்துப் பாதியை வீணாக்கும் குழந்தைகள், நிலையத்துக்கு நிலையம் சிறிது சிறிதாகக் கிடைத்ததால் எதையும் மிச்சம் வைக்கவில்லை. வீட்டில் கேரட்டைத் தொடாத ஒரு சிறுமி கேத்தி நிலையத்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதாக அவளுடைய தாய் வியப்போடு சொன்னார்.

உதகமண்டலத்தில் கேக். இதற்கும் சிறப்பு ஆர்டர் எதுவும் கொடுக்கவில்லை. பேக்கரியில் விற்கும் செவ்வக வடிவச் சாதாரண கேக்குகளை வாங்கி வரிசையாக வைத்து, பக்கத்துக்கு இரண்டு கிரீம் பிஸ்கட்டுகளைச் சக்கரங்களாக ஒட்டி, கடைசிப் பெட்டியின் மேல் ஒரு சாக்லேட் ரோலை நிமிர்த்தி வைத்தால் ரயில் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டு ரயில் கிடைத்தது. உருவங்களுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் கேக்குகளில், கெட்டியான சர்க்கரைப் பூச்சைக் குழந்தைகள் பிய்த்து ஒதுக்கிவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து குழந்தைகள் வந்தார்கள். கோவை டவுன்ஹால் பகுதிக் கடைகளில் மொத்த விலைக்கு வாங்கிய சார்ட், வண்ணத்தாள், பசை, கயிறு ஆகியவற்றுக்கு நானூறு ரூபாயும், கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் அறுநூறும், மற்றச் சிற்றுண்டிக்கு ஆயிரமும், குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பிய பொருள்களுக்கு ஐந்நூறும் ஆயின. வேறு ஊர்களில், வேறு பருவங்களில் விலை மாறலாம்; ஆனாலும் கணக்கு இதிலிருந்து வெகு தூரம் விலகாது.

இந்தத் தொகைக்குள் அடங்கியதற்கு உழைப்பைவிட முக்கியமான காரணம், விழா நேரத்தை மாற்றியதுதான். மாலை ஆறரை மணிக்கு மேல் அழைத்தால் இரவுச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும். குழந்தைகளோடு பெற்றோரும், பெற்றோரோடு உறவினரும் வருவார்கள். பிறந்த நாள் செலவில் பாதிக்கு மேல் பெரியவர்களின் பந்திக்கே போய்விடும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கி ஐந்தரை மணிக்கு முடித்தோம். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே சிற்றுண்டி கொடுப்பதில் யாருக்கும் மனக்குறை ஏற்படாது. தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா குடும்பத்தார்க்கு அன்று காலையிலேயே வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு போட்டு, அவர்களின் ஆசியையும் பெற்றுவிட்டோம். பெரியவர்களின் விருந்தையும் குழந்தைகளின் விளையாட்டையும் ஒரே மேடையில் நடத்த முயல்வதால்தான் செலவு இரட்டிப்பாகிறது. இரு தரப்பாருக்கும் நிறைவும் கிடைப்பதில்லை.

ரிட்டன் கிஃப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தக் குழந்தை என்ன பரிசு கொண்டுவந்தது, திருப்பிக் கொடுத்த பொருள் அதற்கு ஈடானதா என்ற கணக்கு இன்று மொய்க் கணக்கைவிடக் கடுமையாகிவிட்டது. பரிசு வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தைகள் அழைப்பு வந்தும் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் செய்தி. ஆகவே பயணச்சீட்டிலேயே 'பரிசு வேண்டாம். பயணிகள் வந்தால் போதும்' என்று எழுதச் செய்தேன். போகும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு விசில், ஒரு பென்சில், அது விளையாடிய கொடி, துளையிட்ட பயணச்சீட்டு ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளில் செய்த உறையில் போட்டுக் கொடுத்தோம்.

செலவுக் குறைப்போடு சட்டமும் பாதுகாப்பும் சேர்ந்த ஒரு பக்கம் இதற்கு உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடி ஆகியவை அதில் அடங்கும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையில், பலூனைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சிகளும் அலங்காரத்துக்குப் பயன்படும் தெர்மாகோலும் இடம்பெற்றன. அதாவது, பணம் கொடுத்துச் செய்யும் அலங்காரத்தில் தவறாமல் தென்படும் பொருள்களில் சில, சட்டப்படி விற்கவே கூடாதவை. ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்ததும், அதே ஆண்டு ஏப்ரலில் திரவ நைட்ரஜன் ஊற்றித் தரும் புகை பிஸ்கட் குறித்து உணவுப் பாதுகாப்புத் துறை கடுமையாக எச்சரித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இவற்றைப் பிறந்த நாள் விழாக்களில் தனிக்கடை போட்டுக் கொடுப்பதைப் பெருமையாகக் கருதுவோர் இருக்கிறார்கள். மெழுகுவத்தி எரியும்போது குழந்தையின் முகத்துக்கு நேரே நுரை தெளிக்கும் ஸ்ப்ரேக்களை அடிப்பது அதைவிட ஆபத்தானது. அந்தக் குப்பிகளில் நுரையை வெளியே தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. பெற்றோர் இந்த ஒன்றையாவது உடனே நிறுத்த வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மலை ரயில் கோவைக்கு அருகில் இருப்பதால் எங்களுக்கு வாய்த்தது. ஒவ்வொரு ஊரிலும் இதற்கு இணையான ஒன்று நிச்சயம் இருக்கும். ராமேசுவரம் பக்கத்துக் குழந்தைகளுக்கு 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் கதையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமும் இருக்கின்றன. கப்பல் வரும்போது புதிய பாலத்தின் ஒரு பகுதி செங்குத்தாக மேலே எழுவதை இரண்டு அட்டைப் பெட்டிகளையும் ஒரு கயிற்றையும் கொண்டு செய்து காட்டலாம். செங்கல்பட்டுப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பிறந்த குழந்தைக்கு வேடந்தாங்கல் பறவைகளைவிடச் சிறந்த கருப்பொருள் வேறென்ன வேண்டும்? சித்திரையிலும் வைகாசியிலும் பிறந்த தென்மாவட்டக் குழந்தைகளுக்கு நுங்கு வண்டிப் பந்தயமும் பனையோலைக் காற்றாடியும் பனையோலைக் கொட்டானில் தின்பண்டமும் கொடுக்கலாம். அங்கே அலங்காரத்துக்கும் விளையாட்டுக்கும் ரிட்டன் கிஃப்டுக்கும் ஒரே மரம் போதும். தஞ்சைக் குழந்தைகள், உள்ளே களிமண் வைத்து அடியைக் கனமாக்கிய முட்டையோட்டில் தலையாட்டிப் பொம்மை செய்து, அதையே வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. நானும் வேலைக்குப் போகிறவள்தான். நான் எழுதியவை அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதில்லை. பயணச்சீட்டும், பின்னாலிருந்து தள்ளும் ரயிலும், நான்கு நிலையங்களும் மட்டும் இருந்திருந்தால்கூட என் மகனின் விழா குறைவின்றி நடந்திருக்கும். வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் பெரும்பகுதியைக் குழந்தைகளே செய்துவிடுகிறார்கள். அப்பாக்களும் இதில் பங்கேற்க வேண்டும். பெட்டிகளை வெட்டிக் கயிறு கட்டிய வேலை முழுவதையும் எங்கள் வீட்டில் செய்தவர் என் கணவர்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். தரைத்தளமோ மொட்டை மாடியோ இல்லாத ஓரறை வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு இடம்தான் பெரிய தடை. மாநகராட்சிப் பூங்காக்களில் உள்ள நிழற்கூடங்களையும், விடுமுறை நாள்களில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களையும், பிற்பகலில் இரண்டு மணி நேரம் மட்டும், குறைந்த கட்டணத்தில், ஒலிபெருக்கி கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனைகளோடு குழந்தைகளின் பிறந்த நாளுக்குக் கொடுக்க உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும். இரண்டாவது வேண்டுகோள் தங்களிடம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், மாதம் ஒரு முறையாவது, ஒரு மாவட்டத்துக்கே உரிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கான விளையாட்டுகளையும் வெட்டி ஒட்டும் படங்களையும் அந்த ஊர்த் தின்பண்டங்களையும் சேர்த்து ஒரு பிறந்த நாள் பக்கத்தை வெளியிட வேண்டுகிறேன். வெட்டி எடுத்து அப்படியே பயன்படுத்தும்படி அந்தப் பக்கம் அமைந்தால், சார்ட் வாங்கும் செலவும் பல குடும்பங்களுக்கு மிச்சமாகும். மலை ரயிலுக்கான பக்கத்தைத் தயாரிப்பதானால், நாங்கள் வரைந்து வைத்திருக்கும் பயணச்சீட்டு, நிலையப் பலகை மாதிரிகளை அனுப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கவுண்டம்பாளையம், கோயம்புத்தூர்.